ஒன்றரை அடிச் சட்டி இரண்டு

நோன்பு முதல் நாள். சலேஹா டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. கைப்பையைக் கழற்றிப் போட்டதுதான் அவள் எடுத்துக்கொண்ட ஓய்வு. உடனே மூன்றாம் படிவத்துக் கணக்குத் தாள்களோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள். நோன்பு மாதத்தில் பகலில் அந்த மேசைக்கு வேறு வேலையும் இல்லை. ஐந்து வகுப்பு, நூற்றெழுபது தாள். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற நாளைதான் கடைசி நாள் என்று தலைமையாசிரியர் வாட்சாப்பில் மூன்று முறை நினைவூட்டிவிட்டார். அந்த மனிதருக்குத் தூக்கமே வராதோ என்னவோ. சலேஹாவுக்கோ நின்றாலும் தூக்கம், உட்கார்ந்தாலும் தூக்கம்.

கனசதுரம், கூம்பு, உருளை என்று வழக்கமான கேள்விகள்தான். மேற்பரப்பைக் கேட்டால் பிள்ளைகள் கொள்ளளவை எழுதுவார்கள். கொள்ளளவைக் கேட்டால் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடுவார்கள். ஏழாவது கேள்வி உருளை: உயரம் மாறாமல் விட்டத்தைப் பாதியாக்கினால் கொள்ளளவு என்ன ஆகும்? பாதியாகும் என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனைப் பார்த்து எழுதினாளோ என்னவோ, அடுத்தவளும் அதையே எழுதியிருந்தாள். இப்படிப் பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது தாளில் சிவப்பு மையால் அடித்து, பாதி இல்லை, கால் பங்கு என்று எழுதும்போது சலேஹாவின் கை நின்றது.

போன வாரம் கமாலுதீன் போன் செய்திருந்தார். அவள் கணவர். தெருக்கோடிப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் பொறுப்பை இந்த வருடம் அவரிடம் கொடுத்திருந்தார்கள். பழைய கஞ்சிச் சட்டி அடி ஓட்டையாகிவிட்டது என்று தீவிலிருந்து கடல் தாண்டி அக்கரைக்குப் போய், செபராங் ஜெயாவில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டு கேட்டார்.

"பழசு மூணடி அகலம். இங்க ஒன்னரை அடிதான் இருக்கு, உயரம் பழசு மாதிரியேதான். ரெண்டு வாங்கிட்டா கணக்கு சரியா வரும்லா?"

அன்றைக்கும் அவள் முன்னால் ஏதோ ஒரு கட்டுக் காகிதம். தலையைத் தூக்காமல், "வரும்லா மச்சான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒன்றரையும் ஒன்றரையும் மூன்று. அது கயிற்றுக்குச் சரி, சட்டிக்குச் சரியில்லை. அகலம் பாதியானால் ஒரு சட்டி பழையதில் கால் பங்குதான் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் பாதி. அறுநூறு பேருக்குக் காய்ச்சிய இடத்தில் முந்நூறு பேருக்குத்தான் கஞ்சி இருக்கும். பதினெட்டு வருடமாக இதையே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவள் சொன்ன பதில் இது. சலேஹாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

போன் அடித்துப் பார்த்தாள். அவர் எடுக்கவில்லை. துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

பள்ளிவாசல் பின்வாசலில் வரிசை முக்குத் திரும்பி அடுத்த தெருவுக்கே போயிருந்தது. டிபன் கேரியரோடு வந்த அக்காமார், வாளியோடு பங்களாதேஷ் தொழிலாளிகள், பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பிலிருந்து வந்த மலாய்ப் பெண்கள். கமாலுதீன் அப்போதுதான் கரண்டியை முக்கப்போனார். அவரை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை, ஆச்சரியமும் படவில்லை. இனிமேல் இன்னொரு சட்டி காய்ச்ச நேரமில்லை, ஆளுக்கு அரைக் கரண்டி ஊற்றினால் கடைசி ஆள் வரைக்கும் வரும் என்றாள் சலேஹா. இந்தக் கணக்கை இரண்டு முறை சரிபார்த்திருந்தாள்.

பள்ளிவாசல் செயலாளர் காஜா மொய்தீன் அதற்குள் வந்துவிட்டார். முதல் நாளே இப்படியா, யார் இந்தச் சட்டியை அளந்தது என்று கேட்டார். கமாலுதீன் கூசாமல், தானே கண்ணளவில் வாங்கிவிட்டதாகச் சொன்னார். சலேஹா வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். உடம்பும் அதைத்தான் கேட்டது.

"அவங்க என்னைக் கேட்டுத்தான் வாங்கினாங்க. தப்பு என்னோடது" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஒவ்வொருவர் பாத்திரத்திலும் அரைக் கரண்டி விழும்போதெல்லாம், இன்றைக்கு இவ்வளவுதான், நான் போட்ட கணக்கு தப்பாகிவிட்டது என்று தமிழில் சொன்னாள், மலாயில் சொன்னாள். முதல் பத்துப் பேரிடம் சொல்வது சிரமமாக இருந்தது. ஒருத்தி முணுமுணுத்தாள். ஒருவர், டீச்சரே இப்படியா என்று சிரித்தார். நூறைத் தாண்டியதும் வெட்கமும் களைத்துப்போனது. கடைசி ஆளுக்கும் ஊற்றியபோது அவளுக்குக் குரலே இல்லை.

மஃரிப் பாங்கு சொன்னார்கள். காலிச் சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தார்கள். சுவரோரத்தில் பெரிய பேசின் ஒன்றில் ஊறிய அரிசி பாதி மிஞ்சிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டாள்.

"பழைய அளவுக்கு ஊறப்போட்டது. சட்டி கொள்ளல" என்றார் கமாலுதீன். "மிஞ்சினப்பவே கை சொல்லுச்சு, பத்தாதுன்னு. நீ வரும்னு சொன்னியேன்னு மூடி வச்சுட்டேன்."

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சலேஹா மெல்லக் கேட்டாள்.

"இந்த ஒரு மாசத்துல வேற என்னெல்லாம் கேட்டீங்க, நான் தலையைத் தூக்காம பதில் சொன்னது?"

அவர் யோசித்துப் பார்த்தார். குளியலறைக் குழாயை மாற்றுவதா என்று கேட்டதைச் சொன்னார். தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன கொடுப்பது என்று கேட்டதைச் சொன்னார். அப்புறம் அதே குரலில் சொன்னார்.

"டாக்டர் குடுத்த தேதியப் பெருநாளுக்கு அப்புறம் தள்ளிப் போடலாமான்னு கேட்டேன். போடுங்கன்னு சொன்ன. போட்டுட்டேன்."

"எந்த டாக்டர்?"

"நெஞ்சு டாக்டர்லா. ரெண்டு அடைப்பு இருக்குன்னு வந்து சொன்னேனே. நீ அப்ப வேலையா இருந்த."

அன்று காலையிலிருந்து அடுப்புச் சூட்டில் நின்று இரண்டு சட்டியைக் கிண்டி இறக்கிய மனிதர் இவர். சலேஹாவின் களைப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பயம் மட்டும் இருந்தது. எழுந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"வாங்க மச்சான், ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"இப்பவா?" என்றார் அவர்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இவ்வளவு ஒட்டிப்போயிருந்தது அவளுக்குத் தெரியாது.

"இப்பத்தான்" என்றாள்.