கிரேன் கூண்டில் கணக்கு வகுப்பு

கிரேன்காரியின் கண்ணாடிக் கூண்டுக்குள் தினமும் மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, கிரேனின் எடைமானியே சொல்லிவிட்டது. கொக்கியில் ஒரு ஆணிகூடத் தொங்காத அந்த நேரத்தில் அது இரண்டாயிரத்து நானூற்று அறுபது கிலோ காட்டியது. மற்ற நேரங்களில் அதே கூண்டுக்குள் ஓர் ஆள் தும்ம வேண்டுமென்றால் முதலில் சாப்பாட்டு டப்பாவை மடியிலிருந்து இறக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான் இடம்.

கூண்டு இருந்தது எண்பத்தொரு மீட்டர் உயரத்தில். ஏறும்போது எண்ணினால் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள், இறங்கும்போது எண்ணினால் முந்நூற்று நாற்பது. காலை ஆறரைக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். நடுவில் மேகம் வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வாள். பத்தொன்பது வருடத்தில் மூன்று ஆஸ்பத்திரி, இரண்டு பாலம், கணக்கில்லாத மாடிக் கட்டடங்கள் எல்லாம் அவள் தூக்கி வைத்தவைதான். அவள் இறக்கும் ஐந்து டன் கம்பிக்கட்டு தூங்கும் பூனையின் மேல் உட்கார்ந்தாலும் பூனை விழிக்காது என்று சைட்டில் சொல்வார்கள். அந்தப் பூனை இன்றைக்கும் நன்றாக இருக்கிறது.

அப்படிப்பட்டவளுக்குத்தான், பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் தேறாதவர்களுக்கு இனி லைசென்ஸ் புதுப்பிக்கப்படாது என்று ஒரு தாள் வந்தது. ஏழு மாதம் அவகாசம். தேறாவிட்டால் கீழே இறங்கி, ஸ்டோர் ரூமில் ஹெல்மெட் எடுத்துக்கொடுக்கும் வேலை. அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், நின்றதும் கணக்கால்தான். ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "ஏன் சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முன்னாலிருந்த முப்பத்தாறு தலைகளும் ஒன்றாகத் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தன. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. உயரம், காற்று, இடி எதற்கும் பயப்படாதவள் திரும்பும் தலைகளுக்கு மட்டும் பயந்தாள். கிரேன் வேலைக்கு வந்ததே, அவ்வளவு உயரத்தில் முன் பெஞ்சு கிடையாது என்பதற்காகத்தான்.

லாரி மெக்கானிக்கான அவள் புருஷன்தான், வேலைக்குப் போகிறவர்களுக்கென்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் நடக்கும் ஒரு கணக்கு வகுப்பைக் கண்டுபிடித்தான். "மேல இருந்தே படிச்சுக்கோ. நீ கீழ இறங்கி கிளாசுக்குப் போறதுக்குள்ள கணக்கு ஆறிப்போயிடும்" என்றான். நாத்தனார் விடவில்லை. "என்ன அண்ணி, உங்க பொண்ணு காலேஜே முடிச்சிட்டா, நீங்க இப்பத்தான் ஏ பிளஸ் பியா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எங்க உக்காந்து கத்துக்கறேனோ அங்க உன் குரல் எட்டாதும்மா, நீ தாராளமா பேசு" என்று சொல்லிவிட்டு இவள் சாப்பாட்டு டப்பாவோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்துக்கொண்டு போனாள்.

வகுப்பெடுத்த கணக்கு டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. அவருடைய குரலைக் குரல் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். முன்பு வேலை பார்த்த பள்ளியில் எழுபது பிள்ளைகளுக்கு நடுவே நின்று அவர் பாடம் நடத்தியபோது, பின்வரிசையில் இருந்தவர்கள் இந்த டீச்சர் வருடம் முழுக்கக் கொட்டாவி விடுகிறார் என்றே நினைத்தார்கள். மைக் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், மைக்கும் கூச்சப்பட ஆரம்பித்தது. போன் வகுப்பிலோ அந்தக் குரல் நாற்பது பேர் காதுக்குள்ளும் நேரே போய் உட்கார்ந்துகொண்டது. பின்வரிசை என்ற ஒன்றே அங்கே இல்லை. புரியாவிட்டால் பதிவை ஓட்டித் திரும்பவும் கேட்கலாம். கிரேன்காரி ஒரே கணக்கைப் பதினொரு முறை கேட்டாள். பதினொன்றாவது முறை, பதிவிலிருந்த டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி, "இப்ப புரியுதாக்கா?" என்று கேட்டார். புரிந்தது என்றாள். பதிவு மேலே ஓடியது.

இரண்டாவது வாரம், திரையில் எல்லோரும் அவரவர் கட்டத்துக்குள் நேராகவே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யாராலும் திரும்ப முடியாது என்பதைக் கண்டுகொண்டு, முப்பது வருடமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டுவிட்டாள். "ஏன் டீச்சர்?" ஒரு தலைகூட அசையவில்லை. வகுப்பில் கூடப் படித்த சலூன்காரர்தான், வாடிக்கையாளரின் பாதி மழித்த கன்னத்தில் கத்தியை நிறுத்திவைத்து, "நல்லவேளை அக்கா, நீங்க கேட்டீங்க. நானும் ஒரு வாரமா கேக்கணும்னு இருந்தேன், வெக்கமா இருந்துச்சு" என்றார். பாதி மழித்தவரும் தனக்கும் அதே சந்தேகம்தான் என்றார்.

அன்றைக்குத்தான் மற்றது ஆரம்பித்தது. முதலில் டீச்சர் போர்டைத் துடைத்தபோது சாக்பீஸ் தூள் போன் வழியாக வந்து கிரேன்காரியின் மடியில் விழுந்தது. அடுத்த வாரம் ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைத் திறந்ததும் கூண்டு முழுக்க ரொட்டி வாசனை. தபால்காரி ஒருத்தி மழை பெய்யும் ஊரிலிருந்து படித்தாள். மழை ஒழுங்காக அவள் கட்டத்துக்குள் மட்டும் பெய்துவந்தது, பிறகு கூண்டின் இடது மூலையிலும் ஒரு முழம் அகலத்துக்குப் பெய்யத் தொடங்கியது. ஐந்தாவது வாரம் எல்லோருமே நேரில் வந்துவிட்டார்கள். ஒரு மணிக்கு ஒவ்வொருவராக வந்து ஒதுங்கி உட்கார்வார்கள், இரண்டு மணிக்குச் சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டுப் போவார்கள். இடம் போதவில்லை என்று யாரும் சொன்னதில்லை. கண்ணாடியில் மாவு ஒட்டிய கைரேகையும், ஒரு சீப்பும், ஒரு சொட்டும் குடையும் மட்டும் மிஞ்சும்.

சைட் இன்ஜினியர் எடைமானியை மூன்று முறை மாற்றிப் பார்த்தார். மூன்றும் அதே இரண்டாயிரத்து நானூற்று அறுபதைக் காட்டின, தபால்காரி நனைந்து வந்த நாட்களில் இரண்டு கிலோ கூடுதலாக. "அங்க மேல என்னம்மா நடக்குது?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார். "அல்ஜீப்ரா சார்" என்று பதில் வந்தது. நாளைக்கு மேலே வந்து பார்த்து, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவதாகச் சொன்னார். சொன்னபடியே மறுநாள் அவர் மேலே போனார், ஆனால் படி ஏறிப் போகவில்லை.

நடந்தது இதுதான். கிரேன் ஓட்டுபவர்களுக்குக் காது அவ்வளவாக வேலை செய்யாது, கண்தான். கீழே நிற்கும் சிக்னல்காரர் ஆள்காட்டி விரலை உயர்த்திச் சுற்றினால் தூக்கு என்று அர்த்தம். பத்தொன்பது வருடமாக அந்த விரலைக் கண்டதும் அவள் கை மூளையைக் கேட்காமல் லீவரை இழுத்துப் பழகியது. சாப்பாட்டு நேரத்தில் எந்திரத்தை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஃபேனும் அதே சுவிட்சில் இருந்தது, நாற்பத்தொரு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஃபேன் இல்லாமல் எப்படி? அன்றைக்கு இன்ஜினியரின் தகரக் கன்டெய்னர் ஆபீசைக் காலையில் இடம் மாற்றியிருந்தார்கள், கொக்கியைக் கழற்றுவதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அவர் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர், "ஒரு வட்டத்துக்கு எத்தனை டிகிரி?" என்று கேட்டார். சலூன்காரர் உற்சாகமாக விரலை உயர்த்தி, "முழுசா ஒரு சுத்து டீச்சர், முன்னூத்தி அறுபது!" என்று நன்றாகச் சுற்றிக் காட்டினார்.

கன்டெய்னர் மேசை, நாற்காலி, வரைபடங்கள், இன்ஜினியர் சகிதம் கிளம்பிப் போய்க் கூண்டுக்கு எதிரே நின்றது. சன்னலைத் திறந்து, கையில் ஸ்பூனோடு அவர் எட்டிப் பார்த்தார். எதிரே நாற்பத்தொரு முகங்கள். கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"சார், வகுப்பு நடக்குது. கொஞ்சம் மியூட்ல இருங்க" என்றார் டீச்சர்.

அவருடைய வாழ்க்கையில் முதல் முறையாக அந்தக் குரல் திறந்த வெளியில் ஒருவருக்குக் கேட்டது. இன்ஜினியர் வாயை மூடினார். சிக்னல்காரர் சாப்பிடப் போயிருந்தார், அவர் இல்லாமல் பாரத்தை இறக்கக் கூடாது என்பதும் இன்ஜினியரே கையெழுத்திட்ட விதி. ஆகவே நாற்பது நிமிடம் தொங்கியபடி ஏற்றக்கோணமும் இறக்கக்கோணமும் கேட்டார். கிரேன்காரிக்கு அந்தப் பாடம் தண்ணீர் பட்ட பாடு. கீழே பார்த்தால் இறக்கக்கோணம், அதுவே அவள் பிழைப்பு. நாற்பத்தைந்து டிகிரியில் தெரிகிற பொருள், நாம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறோமோ அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று டீச்சர் சொன்னதும், "சிமெண்ட் கிடங்கு" என்றாள் பட்டென்று. இன்ஜினியர் குனிந்து கிடங்கைப் பார்த்தார். இருபது வருடமாக மனப்பாடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஒன்று அவருக்குள் டொக்கென்று இடத்தில் விழுந்தது.

சாயங்காலம் அவள் இறங்கி வந்தபோது சைட்டே கூடி நின்றது. வேலை போயிற்று என்று அவளே ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். "போனைக் குடும்மா" என்றார் இன்ஜினியர். கொடுத்தாள். "அந்த லிங்க்கை எனக்கும் அனுப்பணும், எப்படின்னு காட்டு. ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போடச் சொல்லிட்டேன்." மறுநாளிலிருந்து எடைமானி எண்பத்து நான்கு கிலோ கூடுதலாகக் காட்டியது.

தேர்வு மட்டும் போனில் கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் நேரில் போய் எழுத வேண்டும். அவளுக்கு விழுந்தது கடைசி பெஞ்சு. முன்னால் எண்ணிப் பார்த்தாள், முப்பத்தாறு தலைகள். கேள்வித்தாளில், கோபுர உச்சியிலிருந்து ஒரு காரைப் பார்க்கும் கணக்கில், கோணம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. பத்து மதிப்பெண் கணக்கு. எழுந்து கேட்க வேண்டும். கேட்டால் திரும்புவார்கள். கூண்டு, லீவர், மேகம், சிமெண்ட் கிடங்கு எல்லாம் கண்ணெதிரே கொக்கியிலிருந்து கழன்று கீழே போய்க்கொண்டிருந்தன.

அப்போது பெஞ்சு கிறீச்சிட்டது. சலூன்காரர் சோப்பு நுரையோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ரொட்டிக்கடைக்காரர், சொட்டச் சொட்டத் தபால்காரி, ஹெல்மெட்டோடு இன்ஜினியர், ஆக நாற்பத்தொரு பேரும் வரிசையாக அவளுக்கு முன்னால் உட்கார்ந்து நேராகப் பார்த்தார்கள். எல்லோரும் மியூட்டில் இருந்தார்கள். டீச்சரும்தான், ஆனால் அவர் மியூட்டில் இருப்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும். விடை சொல்ல ஒருவரும் வரவில்லை, உட்காரத்தான் வந்தார்கள்.

கிரேன்காரி எழுந்தாள். "சார், இதுல கோணம் அச்சாகலை."

முப்பத்தாறு தலைகள் திரும்பின. நடுவில் நாற்பத்தொரு முதுகுகள் இருந்ததால் ஒரு முகமும் அவள் வரை வந்து சேரவில்லை. கண்காணிப்பாளர் தாளை வாங்கிப் பார்த்து, "யாருக்குமே அச்சாகலை போலிருக்கே! இத்தனை பேர்ல ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையா? நாப்பத்தஞ்சு டிகிரி, எல்லாரும் எழுதிக்கோங்க" என்றார். முப்பத்தாறு பேரும் பெருமூச்சு விட்டதில் விடைத்தாள்கள் பறந்தன. அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் என்று எழுதினாள். கண்காணிப்பாளர் தன் அறிக்கையில், வெளியாட்கள் நாற்பத்தொரு பேர் வந்ததாகவும், அனைவரும் மியூட்டில் இருந்ததால் விதிமீறல் எதுவும் இல்லை என்றும் குறித்துக் கையெழுத்திட்டார்.

எழுபத்தெட்டு மதிப்பெண். லைசென்ஸ் வந்தது. கணக்கை விட மனமில்லாமல் வகுப்பு அப்படியே அடுத்த பாடத்துக்குப் போய்விட்டது. நாத்தனாரும் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் அங்கே நன்றாகவே எட்டுகிறது, அதனால் பெரும்பாலும் மியூட்டில் வைத்திருக்கிறார்கள். கிரேனின் அடியில் இப்போது ஒரு பலகை இருக்கிறது: மதியம் ஒன்று முதல் இரண்டு வரை தூக்குதிறன் இரண்டரை டன் குறைவு, வகுப்பு நடக்கிறது. சிக்னல்காரர் ஒரு மணிக்கு அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு சாப்பிடப் போகிறார்.