ஸ்டிக்கர் ஒட்டிய மாத்திரை

டொமிங் செத்த வீட்டுக்கு நான் துக்கம் கேட்க மட்டும் போகவில்லை. அவன் மனைவி எபாங்கிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாசலை நெருங்கினேன். அங்கே போட்டிருந்த கூடாரத்தின் நான்கு பக்கமும் எங்கள் மேயர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கூடாரத்துக்கு ஏற்பாடு செய்தது நான்தான். சவப்பெட்டிக்கும் மலர்வளையத்துக்கும்கூட நான்தான். மேயர் ஆபீஸில் பதினோரு வருஷமாக என் வேலையே அதுதான், ஊரில் எது நடந்தாலும் அதில் அவர் முகம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. ஆம்புலன்ஸ், ஜீப்னி வண்டிகள் நிற்கும் கொட்டகை, பிள்ளைகளின் புத்தகப் பை, கூடைப்பந்து மைதானம் எதையும் நான் விட்டுவைத்ததில்லை. டொமிங் டிரைசைக்கிள் ஓட்டுபவன். வழியில் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்திவிடுவான்.

"என்ன லுடி, ஊர்ல ஒட்டாத எடமே இல்ல போலிருக்கே. எம் பொண்டாட்டி முதுகு ஒண்ணுதான் சும்மா கெடக்கு. நல்ல அகலமான எடம். எப்ப வர்றே?"

பின்னால் உட்கார்ந்திருக்கும் எபாங் அவன் தலையில் ஒரு குட்டு வைப்பாள். "இவன் வாயில ஒண்ணு ஒட்டிட்டுப் போ மாரே, புண்ணியமாப் போவும்" என்பாள்.

அவர்களுடைய மூத்த மகனுக்கு நான் ஞானத்தாய். அன்றிலிருந்து நானும் எபாங்கும் ஒருவருக்கொருவர் 'மாரே'. கூடப் பிறந்தவளிடம் சொல்லாததைக்கூட மாரேயிடம் சொல்லலாம். அவள் வந்து கேட்டு இல்லை என்று சொன்னால் அது பாவம்.

நான் இல்லை என்று சொன்னேன்.

புயல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. ஆறு கரையை உடைத்துக்கொண்டு சந்தைத் தெரு வரை வந்துவிட்டது. அன்று முழுக்க டொமிங் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கிழவர்களையும் குழந்தைகளையும் முதுகில் தூக்கி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். எத்தனை பேர் என்று அவனே எண்ணவில்லை. தகரம் கிழித்து அவன் பாதத்தில் விரல் நீளத்துக்குக் காயம்.

மறுநாள் காலையில் மாகாணத்திலிருந்து எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மாத்திரை பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. ஆளுக்கு இரண்டு. வெள்ளத்தில் இறங்கியவர்கள் உடனே விழுங்கிவிட வேண்டும். அரிசியும் மத்தி மீன் டின்னும் போடுவதற்கு மேயர் முகம் போட்ட பைகள் போன வருஷத்து மிச்சமாகக் கையில் இருந்ததால் அவற்றை அன்றைக்கே கொடுத்துவிட்டோம். மாத்திரை உறைக்கு மட்டும் சின்ன ஸ்டிக்கர் இல்லை. மே மாதம் தேர்தல். "ஒட்டாம ஒண்ணும் வெளிய போகக் கூடாது" என்றார் மேயர். அச்சகம் நகரத்தில் இருந்தது. நடுவில் இருந்த பாலம் தண்ணீருக்குள் இருந்தது. நர்ஸ் ஒருத்தி முணுமுணுத்துப் பார்த்தாள். நாங்கள் யாரும் அவள் பக்கம் பேசவில்லை.

இதில் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது. ஆபீஸில் இருந்த நாங்கள் எல்லாரும் அன்றைக்கே ஆளுக்கு இரண்டு மாத்திரை காப்பியோடு போட்டுக்கொண்டோம். என் புருஷன் நெஸ்டருக்கும் இரண்டு எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் மாடியை விட்டே இறங்கவில்லை. எங்களுக்கு ஸ்டிக்கர் தேவைப்படவில்லை.

அன்று மதியம் எபாங் முழங்கால் வரை சேறோடு வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"மாரே, டொமிங்குக்கு கால்ல காயம். மாத்திரை வந்திருக்காமே. ரெண்டே ரெண்டு குடேன்."

"வந்திருக்கு மாரே. ஆனா இன்னும் குடுக்க ஆரம்பிக்கல. ஸ்டிக்கர் வரணும்."

"எதுக்கு ஸ்டிக்கர்? முழுங்கறதுதானே?"

"என் கையில இல்லடி. தெரியுமே உனக்கு."

"எப்ப வரும்?"

"ரெண்டு நாள்ல வந்துடும். வந்ததும் நானே கொண்டாந்து தர்றேன்."

அவள் மேஜையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "சரி மாரே, வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏன் கொடுக்கவில்லை என்று என்னையே எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். என் வேலை நிரந்தரமில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேயர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சம்பளம். நெஸ்டருக்குப் பக்கவாதம் வந்தபோது ஆம்புலன்ஸ் அனுப்பி, ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கித் தந்தவர் அவர். அப்படிப்பட்ட நன்றிக்கடனை எங்கள் ஊரில் யாரும் தீர்த்து முடித்ததில்லை, பிள்ளைகளுக்கும் சேர்த்து விட்டுவிட்டுத்தான் போகிறோம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அறையில் அப்போது யாருமே இல்லை. இரண்டு மாத்திரையை அவள் கையில் வைத்து அழுத்தியிருந்தால் மேயருக்குத் தெரிந்திருக்காது. அதுவும் உண்மை.

ஸ்டிக்கர் வந்தது ஆறு நாள் கழித்து. விடிந்ததுமே உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன். முதல் உறையை எடுத்துக்கொண்டு எபாங் வீட்டுக்கு ஓடினேன். அவள் தலையணையையும் போர்வையையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாளே டொமிங்குக்குக் காய்ச்சல், கண்ணெல்லாம் மஞ்சள், ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று என்றாள். உறையை வாங்கிக்கொண்டாள். "மறக்காம கொண்டாந்தியே மாரே" என்றாள். சனிக்கிழமை அவன் போய்விட்டான்.

இப்போது திங்கட்கிழமை மதியம் அவன் பெட்டிக்கு முன்னால் நின்றேன். பெட்டியின் கண்ணாடி மூடிக்குக் கீழே முகம் வீங்கியிருந்தது. கிண்டல் எதுவும் மிச்சமில்லை. எபாங் எனக்குக் காப்பியும் பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்திலிருந்த பெண்களிடம், "எல்லாம் மாரே செஞ்சதுதான். பெட்டி, பந்தல், எல்லாம்" என்றாள். அந்தப் பெண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"மாரே, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னத்தச் சொல்லப் போறே? காப்பி ஆறுது, குடி."

"அன்னிக்கு நீ வந்தப்ப..."

"குடி மாரே."

கோப்பையை எடுத்தேன். குடித்தேன். பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்தேன். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. வீட்டுக்காரர்களும் வழியனுப்ப வருவதில்லை. வந்தால் சாவும் கூடவே கிளம்பி, போகிறவர் பின்னாலேயே போய்விடும் என்பார்கள்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எபாங் வந்துகொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்து கூடாரத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய அத்தை எழுந்து நின்று, "எபாங், எங்கடி போறே? உள்ள வா" என்று கத்தினாள். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. என் முழங்கையைப் பிடித்து, கூடாரத்தைத் தாண்டி, ரோடு வரைக்கும் என்னைக் கொண்டுவந்து விட்டாள்.

"நீ சொல்ல வந்தது எனக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "உன் மேஜையில காப்பிக் கோப்பை பக்கத்துல கிழிச்ச தாள் கெடந்துச்சு. மாத்திரையோட வெள்ளித் தாள். நீ போட்டுக்கிட்டே."

நான் வாயைத் திறந்தேன்.

"ஆமா இல்லன்னு சொல்லாதே. பந்தல் குடுத்தவங்ககிட்ட நான் சண்ட போட முடியாது. எனக்கு மூணு புள்ளைங்க."

கவுன் பையிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை மூடினாள். நான் கொண்டுபோய்க் கொடுத்த உறை. பிரிக்கவே இல்லை.

"மாத்திரை நல்லாத்தான் இருக்கு. மூஞ்சிய உரிச்சுட்டு, யாராச்சும் கேட்டா குடு."

திரும்பிப் போய்விட்டாள்.

துக்க வீட்டிலிருந்து நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. வழியில் எங்காவது கொஞ்ச நேரம் நின்று, கூட வருகிற சாவை உதறிவிட்டுத்தான் போக வேண்டும். சந்தை முனையில் இருக்கும் ரொட்டிக் கடையில் உட்கார்ந்தேன். ரொட்டி வாங்கி வைத்துக்கொண்டு, தின்னாமல், உறையை எடுத்து ஸ்டிக்கரை உரிக்கப் பார்த்தேன். மேயரின் தலைமுடி கொஞ்சம் கிழிந்து வந்தது. நெற்றி வந்தது. பல் வரிசை வரவே இல்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கடைக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

நானே ஒட்டியதுதான். வெள்ள ஈரத்தில் உரிந்துவிடக் கூடாது என்று ஓரங்களை இரண்டு முறை அழுத்தித் தேய்த்திருந்தேன்.