நோயில்லாத ஆள்

எங்கள் ஆய்வகத்தில் என்னைப் போலத் தப்பில்லாமல் வேலை செய்கிற ஆள் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு யாரும் சொல்வதில்லை. பத்து வருடத்தில் ஒரு குப்பியைக்கூட வீணாக்கியதில்லை. அப்படிப்பட்ட நான் போன வாரம், இது என் தப்பாகவே இருந்து தொலையட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இரைப்பைப் புற்றுநோய் கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வருடம் முன்பே, கட்டி வராமல் தடுக்கிற மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற சிறு ஒட்டு ஏறி அவற்றை மூடிவிடுகிறது. அந்த ஒட்டைத் தேடுவதுதான் எங்கள் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஆட்களும் வேண்டும். சும்மா இருக்கிறவன் எவன் வந்து வயிற்றுக்குள் பார்க்கிற குழாயை விழுங்குவான்? ஓர் ஆள் குறைந்தபோது, லிஃப்ட் மெக்கானிக்கான என் அண்ணனை இழுத்துவந்தேன். கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு அவனுக்கு. "உன் வாய்க்குப் பயந்துதான் என் வாயைத் தொறக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தான். டாக்டர் உள்ளே பார்த்துச் சுத்தமாக இருக்கிறது என்றார். துளித் தசையைக் கிள்ளிக் கொடுத்தார். குப்பியில் பதினேழு என்று எழுதியவள் நான்.

அந்தப் பதினேழில் மூன்று மரபணுக்கள் மூடிக் கிடந்தன.

ஒட்டைக் கண்டுபிடிக்க உதவுகிற பைசல்ஃபைட் கரைசலில் மரபணு சரியாக ஊறாவிட்டால், மெத்தில் இல்லாத இடமும் இருப்பதுபோல் காட்டும். அதுதான் நடந்திருக்கும் என்று திரும்ப ஊறவைத்தேன். புதுக் கரைசல் எடுத்து இன்னொரு முறையும் செய்தேன். மூன்று தடவையும் அதே முடிவு. கூடவே ஊறிய பதினாறும் பதினெட்டும் ஒழுங்காகத்தான் இருந்தன. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது.

ஆய்வகத் தலைவியான மேடத்திடம் முடிவைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது புற்றுநோய் இல்லம்மா. வரலாம், வராமலும் போகலாம். யாருக்கும் முடிவைச் சொல்றதில்லைன்னுதானே கையெழுத்து வாங்கியிருக்கோம்? சொன்னா உன் வேலை போயிடும்."

"உங்க அண்ணனா இருந்தா சொல்ல மாட்டீங்களா, மேடம்?"

அவர் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாலையில் அண்ணன் வேலை செய்கிற கட்டடத்துக்குப் போனேன். திறந்த லிஃப்ட் கதவருகே மண்டியிட்டு ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, இன்னொரு தடவை குழாய் முழுங்கணும். ஆள் கிடைக்கல. வேற டாக்டர்கிட்ட போகலாம். உனக்கு எப்ப முடியுமோ அப்ப வா, அவசரமில்ல."

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"நீ என்னைக்கு என்கிட்ட அவசரமில்லன்னு சொல்லியிருக்கே?"

"சும்மாதான் சொன்னேன்."

"திட்டாமப் பேசறே. அப்பா போனப்பதான் கடைசியா இப்படிப் பேசினே. என் வயித்துல என்னடி இருக்கு?"

வேலை போனால் போகட்டும். மெத்தில், மூன்று மரபணு, வரலாம், வராமலும் போகலாம் என்று அழுகையும் பேச்சுமாக எல்லாவற்றையும் கொட்டினேன். பாதி அவனுக்குப் புரிந்திருக்காது. தேற்ற வேண்டியவள் நான். அவன்தான் கிரீஸ் கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டு, "சரி, முழுங்கறேன். அழாதே, முழுங்கறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.