உலைத்தாளில் முப்பது டிகிரி

சாப்பாட்டுக்கூட வரிசையில் அவளுடைய அக்கா கணவர் தட்டோடு வந்து நின்றதும், உலோகம் அழுத்தும் பிரஸ்காரர்களின் மேசையிலிருந்து குரல் எழுந்தது. "இருபது வந்தாச்சுப்பா. இனி சாப்பாடு ஆறின மாதிரிதான்." அவர் சிரித்துக்கொண்டே, "ஆறினா உனக்குத்தான் நல்லது, வாய் வேகாது" என்றார். ஆய்வகத்துக்காரர்களோடு உட்கார்ந்திருந்த அவள் தலையைத் தூக்கவில்லை. 'இருபது' என்ற அந்தப் பட்டப்பெயர் அவள் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்தது.

நிக்கல் கலவை உருளையை உலையிலிருந்து எடுத்துப் பன்னிரண்டு விநாடிக்குள் பிரஸ்ஸில் வைத்தாக வேண்டும். தாமதித்தால் மேல்தோல் ஆறும். சூட்டில் கரைந்திருந்த நுண்துகள்கள் மறுபடி பிரிந்து வந்து உலோகத்தை விறைப்பாக்கும். அந்த நிலையில் அழுத்தினால் வெடிக்கும். இரண்டு மாதங்களுக்கு முன் புதிதாக வந்த சரக்கின் உருளைகளை அழுத்தி அவர் அடித்த ஆறு வட்டுகளும் விளிம்பில் வெடித்தன. அன்று இடுக்கியின் பிடி சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் இருபது விநாடி ஆனதைக் கேமரா காட்டியது. 'எடுத்து வைப்பதில் தாமதம்' என்று எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். பதினெட்டு வருடம் பிரஸ்ஸில் நின்றவரைத் தேய்ப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். அன்று மாலை அக்கா போனில், "உன்னையும் வம்புல மாட்டிவிடக் கூடாதுன்னு அவர் வாயே திறக்கலடி" என்றாள்.

வெடித்த வட்டுகளில் ஒன்றை ஆவணத்துக்காக நடுவே அறுத்து, மெருகேற்றி, அமிலம் தொட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தபோதுதான் அவள் துகள்களைக் கவனித்தாள். தாமதத்தில் பிரிந்த துகள்கள் மேல்தோலில், அந்த லென்ஸுக்கு அகப்படாத பொடியாக இருந்திருக்கும். இவையோ வட்டின் நடுவில், உருண்டு பெருத்து, வரிசை வரிசையாகக் கிடந்தன. இருபது விநாடியில் இப்படி வளர முடியாது. உலையில் அவை கரையவே இல்லை. சரக்கோடு வந்த சான்றிதழைத் தேடி எடுத்தாள். டைட்டானியம் சற்றுக் கூடுதல். துகள்கள் கரைய இன்னும் முப்பது டிகிரி வேண்டும். பழைய சரக்கின் சூட்டையே உலைக்காரர்களுக்கான உலைத்தாளில் எழுதிக் கொடுத்தது அவள்தான்.

அறிக்கையைத் திருத்த அரைப் பக்கம் போதும். அவள் அதை எழுதவில்லை. அடுத்த உலைத்தாளில் மட்டும் சத்தமில்லாமல் முப்பது டிகிரி கூட்டி எழுதினாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அக்கா கணவரின் இடத்துக்கு வந்த பிரஸ்காரர் அடித்த பத்து வட்டுகளும் கீறல் இல்லாமல் வந்தன. சூப்பர்வைசர் புதியவரின் தோளில் தட்டி, "பாத்தீங்களா, கை மாறினதும் உலோகம் பேச்சு கேக்குது" என்றார். பக்கத்தில் நின்ற அவளும் தலையாட்டினாள். அன்றிலிருந்து பல் துலக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் தன் தலை அதே ஆட்டத்தை மறுபடி ஆடுவதுபோல அவளுக்கு இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் தேய்ப்புப் பிரிவுக்குப் போனாள். அவர் தனியாக இருந்தார்.

"என்னம்மா இந்தப் பக்கம்? காதுல பஞ்சு வச்சுக்க."

"மாமா, அது உங்க கையால வந்ததில்ல. உலைச் சூட்டை நான்தான் கம்மியா எழுதிட்டேன்."

அவர் மெஷினை நிறுத்தினார். சக்கரம் உடனே நிற்கவில்லை.

"இருபது செகண்ட் ஆச்சே. நானே கேமரால பாத்தேனே."

"ஆச்சு. ஆனா பத்து செகண்ட்ல வச்சிருந்தாலும் வெடிச்சிருக்கும்."

அவர் கையுறையைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "வீட்ல உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு. எங்க கோட்டை விட்டேன்னு பாக்க. உங்க அக்கா திட்டுவா." பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

இப்போதுதான் என்று சொல்ல வார்த்தையைத் தயாராக வைத்திருந்தாள். "மூணு வாரமாச்சு மாமா."

"அந்தப் பத்து வட்டு அடிக்கிறதுக்கு முன்னாடியா?"

"ஆமா."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பாதுகாப்புக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "அக்காகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மெஷினைப் போட்டார். நிக்கலில் பொறி அதிகம் பறக்காது. மங்கிய சிவப்பில், குட்டையாக, நான்கைந்து பொறிகள் மட்டும் வந்து அவளுடைய காலணிமேல் விழுந்து கறுத்தன. அவள் காலை நகர்த்தவில்லை.