ஏழாவது குழு பேசவில்லை

மிளகாய் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் எறிந்தாள். அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அவளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை, ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது கேட்பதற்கு நல்ல வேலைதான். பள்ளிப் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக ஒரு டேப்லெட்டைச் சுற்றி உட்கார்ந்து, திரையில் அறிவியல் சோதனை செய்து, தாங்களே பேசி விடை காண வேண்டும். யார் பேசுகிறார்கள், யார் திரையைத் தொடுகிறார்கள் என்று செயலி கவனித்துக்கொண்டே இருக்கும். கலகலவென்று பேசுகிற குழுவுக்குப் பச்சை. சும்மா இருக்கிற குழுவுக்குச் சிவப்பு.

ஏழாவது குழுவுக்குச் சிவப்பு வந்திருந்தது. மற்றதெல்லாம் பச்சை.

அந்த நிறத்தைப் பார்த்த மறுநாளே வகுப்பு டீச்சர் மூன்று பேரையும் பிரித்து ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்துவிட்டார். அதில் கரகரத்த குரல்காரச் சிறுமி ஒருத்தியை அறிவியல் மன்றத்திலிருந்தும் நீக்கியாகிவிட்டது. ஆர்வம் இல்லையாம். அந்த ஆர்வமில்லாத பெண்ணின் குரலைத்தான் மிளகாய் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சோதனை எளிமையானது. ஒரு ஐஸ் கட்டியை வெறுமனே வைக்க வேண்டும், இன்னொன்றைக் கம்பளியில் சுற்ற வேண்டும். எது முதலில் உருகும்? திரையில் கம்பளிக்குள் இருந்ததுதான் முதலில் உருகியது. பச்சைக் குழுக்கள் எல்லாம் அழகாகக் கலந்து பேசி, ஆமாம் ஆமாம், கம்பளி சூடு என்று எழுதிவிட்டன.

"இது பொய் சொல்லுது," என்றது ஒலிப்பதிவில் கரகரத்த குரல். "ஸ்வெட்டர் என்ன அடுப்பா? வெளிச் சூட்டை உள்ள விடாது, அவ்வளவுதான். என் ஸ்வெட்டர்லயே ஐஸைச் சுத்திப் பாத்துருவோம்."

அடுத்து அதே குழுவின் பையன் ஒருவன் கால் சுளுக்கிவிட்டதாக ஊரைக் கூட்டினான். முதலுதவி அறையிலிருந்து ஐஸ் வாங்க அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. பிறகு, "பேசாத, பாரு." அதற்கப்புறம் மணி அடிக்கும்வரை ஒரு பேச்சில்லை. கடைசியில் மட்டும், "சொன்னேன்ல!"

அந்த அமைதிக்குத்தான் சிவப்பு.

செயலி எழுதிய தம்பியைக் கூப்பிட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். "கம்பளின்னா சூடுதானேன்னு அப்படியே எழுதிட்டேன் அக்கா. நீங்க எல்லாரும் பாத்தீங்களே?"

பார்த்தார்கள்தான். டாக்டர் பட்டம் வாங்கிய நாலு பேர், அவளும் சேர்த்து, பார்த்து மண்டையை ஆட்டியிருந்தார்கள். அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

அதே வேகத்தில் தலைவர் அறைக்குள் நுழைந்தாள். எந்தக் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர் என்பதால் அவருக்குப் பெயரும் ஸ்வெட்டர்தான், முதுகுக்குப் பின்னால்.

"கம்பளியை அப்புறம் திருத்திக்கலாம்," என்றார் அவர். "நம்ம ஆராய்ச்சி ஐஸைப் பத்தி இல்லம்மா, கூட்டாக் கத்துக்கிறதைப் பத்தி. ஏழாவது குழுவைத் தூக்கிடு. ஒலிப்பதிவு சரியில்லைன்னு ஒரு வரி போதும்."

"சார், சரியில்லாதது நாம."

"நாளைக்குக் கல்வித் துறை அதிகாரி வர்றாங்க. எல்லாப் பள்ளிக்கும் போகப்போகுது இது. இப்பப் போய் நோண்டாத."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். எந்தப் பொண்ணாம்! தப்பைச் சரியாகப் பிடித்த ஒரே ஒரு பிள்ளையை மூலையில் தள்ளிவிட்டு, பேர் கூடத் தெரியாமல் கட்டுரை எழுதுகிறார் மனிதர்.

மறுநாள் காலை ஃப்ளாஸ்க்கில் ஐஸை நிரப்பியவளைப் பார்த்துக் கணவன் கேட்டான், "யார் மண்டையில வெக்கப்போற?"

"எல்லார் மண்டையிலயும்."

பள்ளி ஆசிரியர் அறையில்தான் செயல்விளக்கம். அதிகாரியம்மா, தலைமையாசிரியர், அந்த வகுப்பு டீச்சர் எல்லோரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். ஸ்வெட்டர் பெருமையாக மைக்கை நடுவில் வைத்து, "நம்மளையே இது கவனிக்கட்டும்," என்றார். சுவர்த் திரையில் எல்லார் பெயர்களும் பச்சையில் ஒளிர்ந்தன.

மிளகாய் எழுந்தாள். இரண்டு தட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டியைப் போட்டாள். "சார், உங்க ஸ்வெட்டர்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "கழட்டிக் குடுங்களேன்," என்று அதிகாரியம்மா சிரித்தார். வேறு வழியில்லாமல் கழற்றினார். ஒரு கட்டி அதற்குள் போனது.

"எது முதல்ல உருகும்னு பாருங்க. பேச வேண்டாம்."

பார்த்தார்கள். வெறும் கட்டி மின்விசிறிக் காற்றில் மெல்லச் சுருங்கியது. தலைமையாசிரியர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக் குனிந்தார். சுவரில் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

அதிகாரியம்மா நிமிர்ந்தார். "நான் கண்ண எடுக்காமப் பாத்துட்டிருக்கேன். எனக்கு ஏன் சிவப்பு?"

"அந்தப் பிள்ளைங்களும் கண்ண எடுக்காமத்தான் மேடம் பாத்தாங்க." ஒலிப்பதிவை ஓடவிட்டாள். "சிவப்புன்னு சொல்லி அவங்களப் பிரிச்சுட்டோம். பொய்யை நம்பினவங்களுக்கெல்லாம் பச்சை குடுத்தோம். இதையா எல்லாப் பள்ளிக்கும் அனுப்பப்போறோம்?"

ஒலிப்பதிவு முடிந்தபோது முதல் தட்டில் தண்ணீர்தான் இருந்தது. டீச்சர் ஸ்வெட்டரைப் பிரித்தார். கட்டி ஓரம் மட்டும் கரைந்து, உள்ளே கல்லாக இருந்தது.

"அவ வந்து சொன்னா," என்றார் டீச்சர், தாழ்ந்த குரலில். "'செஞ்சு பாத்தோம் டீச்சர்'னு. நான்தான் மெஷினைக் காட்டி வாயை அடச்சேன்." யாரிடமும் கேட்காமல் எழுந்து வெளியே போனார்.

"ஸ்வெட்டர் நனைஞ்சு போச்சு," என்றார் தலைவர்.

"காயும் சார். அந்தப் பொண்ணோடதும் நனைஞ்சுதான் வீட்டுக்குப் போயிருக்கும்."

டீச்சர் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். கரகரத்த குரல்காரி மேஜையருகே வந்தாள். சுவரையும் பார்க்கவில்லை, பெரியவர்களையும் பார்க்கவில்லை. இரண்டு தட்டையும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ரெண்டு கட்டியும் ஒரே அளவா எடுத்தீங்களா?"

அதுவரை அங்கிருந்த ஒருவரும் அதைக் கேட்கவில்லை.