வரிசை இல்லாத காலை

ஆலை வாசலில் லாரி வரிசை இல்லை. ஷர்மினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லை.

மலேசியாவில் யோங் பெங் ஊரைத் தாண்டியிருந்த அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையின் வாசலில் அவள் பிறந்ததிலிருந்தே வரிசை இருந்தது. அப்பா அய்யாவு பழக்குலை ஏற்றிய லாரியோடு வந்து அந்த வெயிலில் கிடந்தவர். சோற்றுத் தூக்கோடு ஒவ்வொரு லாரியாக எட்டிப் பார்த்து அவரைத் தேடுவது அவள் வேலை. பிறகு உற்பத்திப் பொறியியல் படித்து, செயல்முறை ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, காத்திருப்பு வரிசைகளைப் பற்றிக் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதியும், இங்கே ஒரு லாரிகூட நகரவில்லை. தோட்டத்தின் எல்லாப் பிரிவிலும் விடிந்ததும் ஒன்றாகக் குலை வெட்டுகிறார்கள். லாரிகளும் ஒன்றாக வந்து முட்டுகின்றன. குலை வெயிலில் கெடுகிறது. எந்தப் பிரிவு முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்ற கணக்கில் அவளுடைய பாதி வயது போயிருந்தது. ஆலை மேனேஜர் மகேஸ்வரன் அந்தக் கணக்கைச் சோதிக்க ஒரே ஒரு காலைப் பொழுதைக் கொடுத்திருந்தார். சொதப்பினால் நாளை பழையபடிதான்.

முதல் லாரி வந்தது, கொட்டியது, போனது. அது வளைவில் மறையவும் அடுத்தது தலைகாட்டவும் சரியாக இருந்தது. தாளில் எழுதிய குறிகள் டயர் முளைத்து வருவதை அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள்.

பிறகு அவள் அண்ணன் ஜீவனின் லாரி வந்தது. வாசலுக்கு முன்னாலிருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. ஜீவன் இறங்கி, டயருக்குக் கட்டை வைத்து, மரத்தில் சாய்ந்து சிகரெட் பற்ற வைத்தான். எதிரே இறக்குமேடை வெறிச்சோடிக் கிடந்தது. பின்னால் வந்த லாரி அவன் வாலில் நின்றது. அதன் பின்னால் இன்னொன்று.

"டாக்டர், வரிசை வந்திருச்சு லா," என்றார் மகேஸ்வரன்.

ஷர்மினி ஓடினாள்.

"அண்ணே, ஏன் நிக்கிறீங்க?"

"எப்பவும் நிக்கிற எடந்தானே."

"முன்னால யாரு இருக்கா பாருங்க."

ஜீவன் பார்த்தான். "யாரும் இல்ல."

"அப்பப் போங்க."

"அதாம்மா பயமா இருக்கு. ஆலைய மூடிட்டாங்களோன்னு நெனச்சேன்."

பின் லாரியை ஓட்டி வந்த வேலு தலையை நீட்டினார். "டேய், ஒந்தங்கச்சி ரோட்டக் காலி பண்ணிக் குடுத்திருக்கு. நீ என்னடா மாப்பிள்ள மாதிரி ஆரத்திக்கு நிக்கிற?"

ஜீவன் சிகரெட்டை மிதித்துவிட்டுக் கட்டையை உருவினான். ஏறப் போனவன் திரும்பினான்.

"நெசமா இது நீ போட்ட கணக்கா?"

அவள் ஆமென்று தலையை ஆட்டினாள்.

கோயிலுக்குள் செருப்போடு போகிறவனைப் போல இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து மெதுவாக ஓட்டிப் போனான். மற்ற இரண்டும் பின்னாலேயே போயின. மரத்தடி காலியானது. எத்தனையோ லாரிகள் நின்று சொட்டிய எண்ணெயில் புல் முளைக்காத கருந்தரை. அப்பா உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அதில் எங்கோ இருந்தது.

வளைவில் அடுத்த லாரி தெரிந்தது. மரத்தை நெருங்கியதும் அதன் வேகம் குறைந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் காலி ரோட்டைப் பார்த்தார். கியர் மாறும் சத்தம் கேட்டது. லாரி மரத்து நிழலை மிதித்துக்கொண்டு நிற்காமல் கடந்துபோனது. அதிலிருந்து துள்ளி விழுந்த ஒரு செம்பனைப் பழம் கருந்தரையில் உருண்டு நின்றது, நசுக்க டயர் எதுவும் இல்லாமல், சிவப்பாக.