ஏழு மஞ்சள் ஒயர்

ஸ்டீயரிங் தண்டின் அடியிலிருந்து ஏழு ஒயர்கள் தொங்கின. ஏழும் மஞ்சள். சிவப்பு, பச்சை, நீலம் என்று உலகத்தில் நிறத்துக்கா பஞ்சம்? யாரோ ஒரு புண்ணியவான் ஒரே மஞ்சளில் காரியத்தை முடித்திருந்தார். அந்தப் புண்ணியவான் ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காலாட்டியபடி, உள்ளே நடப்பதை ஓசி நாடகம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார்.

"நம்ம நூல் கடைக்கு ஏலம் எடுத்தப்ப கூடவே ஒரு உருளை மஞ்சள் ஒயரும் வந்துச்சு மாப்பிள்ளை. சும்மா வந்ததை விட்டுட்டு கலர் கலரா வாங்க நான் என்ன சினிமாவா எடுக்கறேன்?"

காருக்குள் தலையும் வெளியே காலுமாகக் கிடந்த மாப்பிள்ளைக்குப் பதில் சொல்ல வாயில்லை. வாயில் டேப்பைக் கடித்திருந்தார். கழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை பிரேக் பெடல் தீர்மானித்தது. அவர் ஃபேன் கடைக்காரர். ஃபேனுக்குள்ளும் ஒயர்தானே என்ற தைரியத்தில், மாமனார் வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் "இது ஒரு மணி நேர வேலை" என்று சொல்லித் தொலைத்திருந்தார். சொன்னது காலையில். இப்போது வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து வந்துவிட்டது. நிஜமான எலெக்ட்ரீஷியன் ஒருவர் நேற்றே வந்து குனிந்து பார்த்து, "டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று போனவர்தான். அந்த டீ இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது.

அப்பாவின் இந்தப் பழைய கார் வேண்டும் என்றவள் மனைவி. ஓட்டக் கற்றதே அதில்தான். ஷெட்டைக் காலி செய்ய வேண்டும் என்று அவள் அப்பா பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிவிட்டார். அவளும் விடவில்லை. கடைசியில் பேரம் இப்படி முடிந்தது: சாயங்காலம் லாரி வருவதற்குள் விளக்கு எரிந்து ஹாரன் அடித்தால் வண்டி அவளுக்கு, இல்லையென்றால் இரும்புக்கு. இன்ஜின் நல்ல பிள்ளையாகக் கிளம்பியது. வாயும் கண்ணும்தான் பாக்கி.

"ஹாரனை அமுக்கு."

அவள் ஓட்டுநர் இருக்கையிலிருந்து அமுக்கினாள். சோதனை பல்பு மினுக்கியது. மறுபடி அமுக்கச் சொன்னார். மினுக்கவில்லை. சுவிட்சுக்குள் அவ்வளவு துரு. திறந்து பார்க்கலாமென்றால் ஸ்டீயரிங் நட்டு அசைந்து கொடுக்கவில்லை.

"ஏங்க, இதைத்தானே காலையிலயும் சொன்னீங்க?"

"காலையில வேற ஒயர்."

"எது?"

அதுதான் தெரியவில்லை. ஏழும் மஞ்சளாயிற்றே. இத்தனைக்கும் காலையில் பாதி நேரம் முடிச்சு அவிழ்ப்பதிலேயே போயிருந்தது. ஒவ்வொரு ஒயரிலும் முடிச்சு மேல் முடிச்சு. மனிதர் ஒயர் போட்டாரா, ஸ்வெட்டர் பின்னினாரா என்று முனகிக்கொண்டே நகத்தாலும் பல்லாலும் ஸ்க்ரூ டிரைவர் நுனியாலும் ஒன்று விடாமல் அவிழ்த்து, ஒயர்களை நீவிவிட்டிருந்தார். அன்றைக்கு உருப்படியாக முடிந்த வேலை அது ஒன்றுதான்.

கடைசியில் மானத்தை ஓரமாக வைத்துவிட்டுத் தலையை நீட்டினார்.

"மாமா, இதுல ஹாரன் ஒயர் எதுன்னு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? முடிச்சைப் பாருங்க. ஒண்ணு லெஃப்ட் இண்டிகேட்டர், ரெண்டு ரைட்டு, மூணு ஹாரன். கடையில நூல் கட்டுக்கு நம்பர் போடுவோம்ல, அதே மாதிரி. சீட்டு ஒட்டினா விழுந்துடும் பாருங்க."

நீட்டிய தலை மெதுவாகக் காருக்குள் திரும்பிப் போனது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"அவுத்துட்டேன்."

"எதை?"

"எல்லாத்தையும்." பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். "காலையிலேர்ந்து பாத்துட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஃபேன் கடைக்காரர், ஏதோ டெக்னிக் வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களும் கேக்கல. கேக்காத சரக்கை விரிச்சுக் காட்டுற பழக்கம் எனக்கில்ல மாப்பிள்ளை."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழம்பில் உப்பு போட்டது யார், போடாதது யார் என்று விசாரிக்கிற பார்வை இல்லை. இரண்டு பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிற பார்வை.

"முடிச்சு இத்தனை வருஷம் இருந்த எடம் நெளிஞ்சுதானேப்பா கிடக்கும்? கடையில கண்ணை மூடிட்டு நூல் தடவி நம்பர் சொல்வீங்களே. எழுந்து வாங்க. உள்ள போங்க."

"நானா? இந்த வயசுலயா?"

"வாங்கப்பா."

மாமனார் போனார். ஒரு பூனை படுக்கிற இடத்தில் இரண்டு குடும்பஸ்தர்கள் படுத்தார்கள். தலையோடு தலை இடித்தது.

"மாமா, காலை எடுங்க."

"அது உங்க கால் மாப்பிள்ளை."

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒயர் மெதுவாக நகர்ந்தது. மாமனார் கண்ணை மூடியிருந்தார். "ஒண்ணு... ரெண்டு... இது மூணு. இருங்க, இருங்க. இந்த நெளிவு நான் போட்டதா, நீங்க பல்லால இழுத்ததா?"

"எனக்கு எப்படி மாமா தெரியும்?"

"பல்லு உங்களுதுதானே?"

கேட்டுக்கு வெளியே லாரி வந்து நின்று நீளமாக ஹாரன் அடித்தது. அந்த ஹாரனுக்கு என்ன குறை, நன்றாகவே அடித்தது.

"ஏதாவது ஒண்ணைக் கட்டுங்க!" என்றாள் மனைவி.

கட்டினார்கள். டேப் கிழிபடும் சத்தம் கேட்டது. அதற்குள் பழைய இரும்புக்காரர் ஷெட் வாசலுக்கே வந்துவிட்டார். இடுப்பில் கைவைத்து, காரை எடை போடுகிற கண்ணால் பார்த்தபடி, நேராக அதன் முன்னால் நின்றார். இரு பக்கக் கதவுகளிலிருந்தும் நீட்டிக்கொண்டிருந்த நான்கு கால்களையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா என்று அவருக்குப் புரியவில்லை.

அவள் ஹாரனை அழுத்தினாள். சத்தம் வரவில்லை.

முன்புறம், தூசி படிந்த கண்ணாடிக்குள், இடது இண்டிகேட்டர் எரிந்தது.

விரலை எடுத்தாள். அணைந்தது. அழுத்தினாள். எரிந்தது. அழுத்தி, எடுத்து, அழுத்தி, எடுத்து, அதைத் தானே மினுக்க வைத்தாள். பழைய இரும்புக்காரர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சாலையில் நிற்பவர் போல, வண்டி திரும்ப இடம் விட்டு ஒதுங்கினார்.

"சத்தம் வந்துச்சா?" என்றன கீழேயிருந்து இரண்டு குரல்கள்.

அவள் மறுபடி அழுத்தினாள். ஒதுங்கி நின்ற இரும்புக்காரரின் சட்டைமேல் மஞ்சள் வெளிச்சம் விழுந்து விழுந்து எழுந்தது.